தோல்வியிலும் துணை நிற்போர்: வேல்ஸ் நாட்டு ரக்பியும் அதன் ஆதரவாளரும்

விளையாட்டைப் பற்றிப் பேசுமிடத்து 'இரசிகர்' என்ற சொல்லையும் 'ஆதரவாளர்' என்ற சொல்லையும் ஒரே பொருளில் வழங்குவது தமிழில் பெருவழக்காகிவிட்டது. சற்று உற்று நோக்கின் இரண்டும் வேறு என்பது விளங்கும். இரசிகர் என்பவர் சுவைப்பவர். ஆட்டம் சுவையாக இருக்கும் வரையில் அவர் இருப்பார். சுவை குன்றினால் எழுந்து போய்விடுவார். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆதரவாளர் என்பவரோ தாங்குபவர். தாங்கப்படுவது தளரும் பொழுதுதான் தாங்குபவரின் தேவை தெரியவரும்.

வேல்ஸ் நாட்டு மொழியில் 'கெவ்ன்' என்றால் முதுகு. அச்சொல்லின் அடியாகப் பிறந்ததே ஆதரித்தலைக் குறிக்கும் 'கெவ்னோகி' என்னும் வினை. தமிழர் 'தோள் கொடுத்தல்' என்பர். வேல்ஸ் மக்களோ முதுகைக் கொண்டு அக்கருத்தைச் சொல்லினர். அந்நாட்டின் ரக்பி வரலாற்றைப் படிப்போர்க்கு இச்சொல் பொருத்தமானதே என்று தோன்றும். தன் நாட்டுக் குழு ஆண்டுக்கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கையில் ஒரு சிறிய மக்களினம் அதற்கு எவ்வாறு துணை நின்றது, அத்துணை எங்கே குறைவுபட்டது என்பதை ஆராய்வது பயன்தரும்.

நாடும் ஆட்டமும்

பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியில் மலையும் கடலும் சூழ அமைந்தது வேல்ஸ். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 31 இலட்சம். அடுத்துள்ள இங்கிலாந்தின் தொகையோ 5 கோடியே 65 இலட்சம். வேல்ஸ் மக்களுக்குத் தனி மொழி உண்டு. தொன்மையான இலக்கியமும் உண்டு. எனினும் 2021-இல் அம்மொழியைப் பேசவல்லோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 38 ஆயிரம் பேரே. நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் என்னும் அளவு. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்டத்திற்குள் முழுவதும் கொண்டுவரப்பட்ட அந்நாட்டிற்கு 1999-ஆம் ஆண்டில்தான் தனக்கென ஒரு சட்டப் பேரவை கிடைத்தது.

ஒலிம்பிக் போட்டியில் வேல்ஸ் வீரர் பிரிட்டன் என்ற பெயரிலேயே ஓடுகின்றனர். கிரிக்கெட்டில் இங்கிலாந்துக் குழுவே வேல்ஸுக்கும் உரியதாகக் கருதப்படுகிறது. ரக்பியிலும் காற்பந்திலுமோ அந்நாடு தன் பெயருடன், தன் செந்நிறச் சட்டையுடன் உலகின்முன் நிற்கிறது. அரசும் தூதரும் இல்லாத காலத்திலும் அங்கே குழு இருந்தது.

ரக்பி ஆட்டத்தை அறியாதார்க்கு ஒரு சிறு விளக்கம் வேண்டும். ஒரு பக்கத்திற்குப் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவானது. பந்தைக் கையில் ஏந்தி முன்னோக்கி ஓடலாம், உதைக்கலாம், ஆயின் கையால் எறிந்து கொடுப்பதானால் பக்கவாட்டிலோ பின்புறமாகவோதான் கொடுக்க வேண்டும். எதிரியின் எல்லைக்கோட்டிற்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது 'டிரை' எனப்படும். அதற்கு இன்று 5 புள்ளிகள். அதனையடுத்துக் கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளிகள். எதிரியின் பிழைக்காகக் கிடைக்கும் உதை கம்பங்களுக்கிடையே சென்றால் 3 புள்ளிகள்.

இங்கிலாந்தில் இவ்வாட்டம் பெரும்பாலும் உயர்குடி மாணவர் பயிலும் பள்ளிகளின் ஆட்டமாக இருந்தது. தென் வேல்ஸிலோ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் ஆசிரியரும் மருத்துவரும் ஒரே குழுவில் தோளோடு தோள் நின்று ஆடினர். பள்ளத்தாக்குதோறும் ஒரு சுரங்கம், ஒரு வழிபாட்டு மன்றம், ஒரு பாடகர் குழாம், ஒரு ரக்பிக் கழகம் என்று ஊர்கள் வளர்ந்தன.

தோல்வியில் தொடங்கிய கதை

வேல்ஸ் நாட்டுக் குழு தன் முதல் ஆட்டத்தை 1881 பிப்ரவரி 19-ஆம் நாள் இலண்டனையடுத்த பிளாக்ஹீத்தில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடியது. இங்கிலாந்து 13 டிரைகள் ஊன்றியது. அவற்றுள் ஏழு, உதையாலும் நிறைவு பெற்றன. வேல்ஸ் எடுத்தது ஒன்றும் இல்லை. இன்றைய புள்ளிக் கணக்கில் அது 82-0 என்றாகும். இதனினும் மோசமான தொடக்கம் ஒரு குழுவிற்கு அமைதல் அரிது.

அடுத்து நடந்ததுதான் கருதத்தக்கது. அத்தோல்வி நிகழ்ந்து ஒரு திங்களும் நிரம்புமுன்னரே, மார்ச்சு 12-ஆம் நாள், கழகங்களின் பேராளர்கள் நீத் நகரத்து விடுதியொன்றில் கூடி நாட்டு ரக்பிச் சங்கத்தை அமைத்தனர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1890-இல், டியூஸ்பரி நகரில் வேல்ஸ் முதன்முறையாக இங்கிலாந்தை வென்றது. 1893-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் வென்று 'மும்முடி' என்னும் பெருமையை எய்தியது. 1900 முதல் 1911 வரை அம்மும்முடியை மேலும் ஆறு முறை சூடியது.

1905 டிசம்பர் 16-ஆம் நாள் கார்டிப் நகரில் நியூசிலாந்துக் குழுவை வேல்ஸ் 3-0 என்று வென்றது. பிரிட்டன் தீவுகளில் சுற்றிவந்த அக்குழு அப்பயணத்தில் தோற்ற ஆட்டம் அஃதொன்றே. ஆட்டத்திற்கு முன் நியூசிலாந்து வீரர் மாவோரி மக்களின் போர்க்கூத்தாகிய 'ஹாக்கா'வை ஆடினர். அதற்கு விடையாக வேல்ஸ் வீரர் தம் நாட்டுப் பாடலைப் பாடத் தொடங்க, திடல் முழுவதும் சேர்ந்து பாடியது. 1856-இல் பொண்ட்டிபிரித் என்னும் ஊரில் எவான் ஜேம்ஸ் என்பார் சொல்லும், அவர் மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ் இசையும் அமைத்த பாடல் அது. விளையாட்டுப் போட்டியொன்றின் முன் நாட்டுப்பண் பாடப்பட்டது அதுவே முதன்முறை என்று வரலாற்றில் குறிப்பிடுவர்.

இறக்கங்களும் அவற்றின் காரணங்களும்

முதல் உலகப் போருக்குப் பின் காற்று மாறியது. நிலக்கரிக்கு விலை வீழ்ந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன, இலட்சக்கணக்கான மக்கள் பிழைப்புத் தேடி நாட்டை விட்டு வெளியேறினர். அக்காலத்தில் ரக்பியில் இரு பிரிவுகள் இருந்தன. வேல்ஸில் ஆடப்பட்ட பிரிவில் ஆட்டக்காரர் ஊதியம் பெறலாகாது. இங்கிலாந்தின் வடபகுதியில் ஆடப்பட்ட மற்றொரு பிரிவில் பணம் உண்டு. வேலையற்ற வீட்டில் பிறந்த திறமையான இளைஞன் வடக்கே செல்வதைத் தவிர வேறு வழி காணவில்லை. 1924-இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்து 35-10 என்று வேல்ஸை வீழ்த்தியது. இலண்டன் டுவிக்கன்ஹாம் திடலில் இங்கிலாந்தை வெல்ல 1933 வரை காத்திருக்க நேர்ந்தது. திடலில் தெரிந்த தோல்விக்கு வேர் சுரங்கத்தில் இருந்தது.

1970-களில் ஒரு பொற்காலம் தோன்றியது. ஐந்து நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வெல்லும் 'கிராண்ட் ஸ்லாம்' என்னும் முழுவெற்றியை 1971, 1976, 1978 ஆகிய ஆண்டுகளில் வேல்ஸ் பெற்றது. அப்பொற்காலத்தைப் படைத்தவர்களில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சுரங்கத் தொழிலாளியின் மகனான கேரத் எட்வர்ட்ஸைச் சிறுவனாய் இருக்கையிலேயே கண்டறிந்து பயிற்றியவர் பில் சாமுவேல் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர். நியூசிலாந்தை அதன் மண்ணிலேயே தொடர்வெற்றி கொண்ட 1971-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தீவுகள் கூட்டுக் குழுவின் பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸ், வேல்ஸ் மொழியைக் கற்பித்த ஆசிரியர். அவர் பயிற்றிய லனெல்லி நகரக் கழகம் 1972 அக்டோபர் 31-ஆம் நாள் நியூசிலாந்தை 9-3 என்று வென்றது. அதே பருவத்தில் நாட்டுக் குழு அதே நியூசிலாந்திடம் தோற்றது. ஊர்க்கழகங்கள் எத்துணை வலிமை பெற்றிருந்தன என்பதற்கு இஃது ஒரு சான்று.

பின்னர் மீண்டும் இறக்கம். 1990-இல் ஐந்து நாடுகள் போட்டியின் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. 1991 உலகக் கோப்பையில் கார்டிப் திடலிலேயே மேற்குச் சமோவாவிடம் 16-13 என்று தோல்வி. 1998-இல் பிரிட்டோரியா நகரில் தென்னாப்பிரிக்கா 96-13 என்று வென்றது. 2003-இல், இத்தாலியும் சேர்ந்து ஆறு நாடுகள் போட்டியாகிவிட்ட அப்போட்டியில், ஐந்து ஆட்டங்களையும் இழந்து வேல்ஸ் கடைசியில் நின்றது.

கடைசி இடத்தைப் பெறும் குழுவிற்கு 'மரக்கரண்டி' என்று பெயர் சொல்வர். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் கணிதத் தேர்வில் கடைசியாகத் தேறியவனுக்கு மாணவர்கள் விளையாட்டாக ஒரு மரக்கரண்டியை வழங்கிவந்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. ரக்பியில் உண்மைக் கரண்டி எதுவும் கொடுப்பதில்லை. பெயர் மட்டுமே நிலைத்திருக்கிறது.

மரக்கரண்டி பெற்ற இரண்டே ஆண்டுகளில், 2005-இல், அதே வேல்ஸ் முழுவெற்றி பெற்றது. 2007 உலகக் கோப்பையில் பிஜியிடம் 38-34 என்று தோற்று வெளியேறியது. அடுத்த ஆண்டே மீண்டும் முழுவெற்றி. 2012-லும் 2019-லும் அதுவே நிகழ்ந்தது. 2019 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் முதலிடமும் கிடைத்தது. ஆதலின் 'இறங்கினால் ஏறும்' என்னும் நம்பிக்கை அம்மக்களின் நெஞ்சில் வேரூன்றியதில் வியப்பில்லை.

பதினெட்டுத் தோல்விகள்

அந்நம்பிக்கையைக் கடுமையாகச் சோதித்த காலம் 2023-க்குப் பின் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாள் மார்சேய் நகரில் அர்ஜென்டினா 29-17 என்று வேல்ஸை உலகக் கோப்பையிலிருந்து வெளியேற்றியது. அனுபவம் மிக்க ஆட்டக்காரர் பலர் அவ்வாண்டில் ஒருவர்பின் ஒருவராக விலகினர். 2024-இல் தலைமை தாங்கிய டாவித் ஜென்கின்ஸுக்கு அப்போது வயது 21. அவ்வாண்டு பிப்ரவரியில் கார்டிப்பில் ஸ்காட்லாந்தை எதிர்த்து 0-27 என்று பின்தங்கிய இளங்குழு, அரங்கத்தின் பேரொலிக்கிடையே 26 புள்ளிகள் எடுத்து, ஒரே புள்ளியில் தோற்றது. நம்பிக்கை தந்த தோல்வி அது. ஆயினும் அவ்வாண்டில் ஆடிய 11 நாட்டுப் போட்டிகளில் ஒன்றிலேனும் வெற்றி கிடைக்கவில்லை.

2025-இல் பாரிசில் பிரான்சிடம் 43-0. உரோமில் இத்தாலியிடம் 22-15. நான்கு முழுவெற்றிகளில் மூன்றைத் தந்த பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் பதவியை விட்டு விலகினார். மார்ச்சு 15-ஆம் நாள் கார்டிப்பிலேயே இங்கிலாந்து 10 டிரைகள் ஊன்றி 68-14 என்று வென்றது. ஜூலையில் ஜப்பானுக்குச் சென்று முதல் ஆட்டத்திலும் தோற்றபோது தொடர் தோல்விகள் 18 ஆயின. வேல்ஸ் வரலாற்றில் அதற்குமுன் இருந்த மிக நீண்ட தொடர் 10 மட்டுமே. ஒரு வாரம் கழித்து, ஜூலை 12-ஆம் நாள், கோபே நகரில் 31-22 என்று வெற்றி கிட்டியது. இருபத்தொரு திங்கள்களுக்குப் பின் வந்த வெற்றி அது.

அதன்பின்னரும் துன்பம் முடியவில்லை. 2025 நவம்பரில் ஜப்பானை ஒரே புள்ளியில் வென்ற வேல்ஸ், அத்திங்களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் சொந்தத் திடலில் 73-0 என்று தோற்றது.

அவர்கள் ஏன் விலகுவதில்லை?

இத்தனைக்கும் பின்னர் ஒருவர் சிவப்புச் சட்டை அணிந்து கார்டிப்புக்குப் புகைவண்டி ஏறுவதன் காரணம் யாது?

முதலாவது, நாட்டின் சிறுமை. பெரிய நாட்டில் ஆட்டக்காரன் செய்தித்தாளில் காணும் முகம். சிறிய நாட்டில் அவன் பக்கத்து ஊர்ப் பையன். யாரோ ஓர் ஆசிரியரின் மாணவன். அவன் தாயைக் கடைத்தெருவில் காணலாம். அவன் தோற்றால் பிறர் தோற்றதாக எண்ண இயலாது.

இரண்டாவது, பாட்டு. வேல்ஸ் மொழியில் 'ஹுயில்' என்றொரு சொல் உண்டு. அதற்குக் கப்பற் பாய் என்பது ஒரு பொருள். சமய உரையாளர் உணர்ச்சி மேலிட்டுப் பேசும்போது எழும் வேகத்திற்கும் அச்சொல்லே வழங்குகிறது; மகிழ்ச்சிக்கும் அதுவே. ஏறத்தாழ 74,000 பேர் அமரும் கார்டிப் அரங்கில் நாட்டுப்பண்ணும் வழிபாட்டுப் பாடல்களும் நான்கு குரல்களில் எழும்போது காற்று நிறைந்த பாயை எவரும் உணர்வர். பாடுபவன் வெறும் பார்வையாளன் அல்லன். ஆட்டம் கைவிட்டுப் போனபோதும் அவனுக்குச் செய்வதற்கு ஒரு செயல் இருக்கிறது.

மூன்றாவது, நினைவு. இக்குழு தோல்வியில் பிறந்தது என்பதைப் பெரியோர் சொல்லச் சிறுவர் கேட்டு வளர்கின்றனர். ஆயினும் நினைவு இருபுறமும் கூர்மையுள்ள கத்தி. 1970-களை நேரில் கண்ட தலைமுறை, இன்று ஆடும் இருபது வயது இளைஞனை எட்வர்ட்ஸுடன் ஒப்பிட்டே பார்க்கிறது. அவ்வொப்பீடு அவனுக்கு ஊக்கமாவதும் உண்டு. தாங்கவொண்ணாச் சுமையாவதும் உண்டு. தோல்விக் காலத்தில் ஆதரிப்போர் பழம்பெருமையைச் சிறிது மறக்கவும் பழக வேண்டியிருக்கிறது.

ஆதரவு என்பது மௌனமா?

தோற்கும் குழுவைக் குறைகூறுவது துரோகம் என்பார் சிலர். வேல்ஸ் மக்களில் சிந்திப்போர் அவ்வாறு கருதவில்லை, கருதவும் கூடாது. ஆட்டக்காரனைத் தூற்றுவது வேறு. அவனை அந்நிலைக்குக் கொணர்ந்த ஏற்பாடுகளை வினவுவது வேறு.

1995-இல் ரக்பி ஊதிய ஆட்டமாக மாறியது. பெரிய நகரங்களும் செல்வர்களும் உள்ள நாடுகளுடன் ஊர்க்கழகங்கள் போட்டியிட இயலவில்லை. 2003-இல் கழகங்களை இணைத்து ஐந்து வட்டாரக் குழுக்களைச் சங்கம் அமைத்தது. மறு ஆண்டே அவற்றுள் ஒன்று கலைக்கப்பட்டது. பொண்ட்டிபிரித், பிரிட்ஜெண்ட் ஆகிய ஊர்களுக்குரியது அக்குழு. நாட்டுப்பண் பிறந்த ஊரும் அதைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளும் தமக்கென ஒரு வட்டாரக் குழு இல்லாது நின்றன. அங்குள்ள பலர் நகரத்துக் குழுவிற்கு மனம் மாறிச் செல்லவில்லை. நாட்டுக் குழுவின் ஆட்டத்திற்கு மட்டுமே செல்வோராயினர்.

பணமுடை தொடர்ந்தது. 2023 பிப்ரவரியில் ஒப்பந்தங்கள் நிலைபெறாமையால் மனம் நொந்த ஆட்டக்காரர், இங்கிலாந்துடன் ஆட மறுக்கும் நிலைக்கு வந்தனர். கடைசி நேரத்தில் உடன்பாடு ஏற்பட்டு ஆட்டம் நடைபெற்றது. 2025 ஏப்ரலில் கார்டிப் வட்டாரக் குழு நொடித்துச் சங்கத்தின் கைக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நான்கு குழுக்களை இரண்டாகக் குறைக்கச் சங்கம் கருதியது. ஆதரவாளர்களும் ஆட்டக்காரர்களும் எதிர்த்துக் குரல் எழுப்பிய பின், அக்டோபரில் மூன்று போதும் என்று அறிவித்தது. எந்த ஊரின் குழு மறைவது என்பதே பின் எழுந்த கேள்வி.

இங்கேதான் ஆதரவு என்பதன் முழுப்பொருளும் தெளிவாகிறது. பெருநாளன்று தலைநகரில் பாட எழுபதாயிரம் பேர் வரும் நாட்டில், மழை பெய்யும் மாலையில் வட்டாரக் குழு ஆடுங்கால் சில ஆயிரம் பேரே வருகின்றனர். நாட்டுக் குழுவின் மீதுள்ள பேரன்பு, அதற்கு ஆள் தரும் சிறு திடல்களைக் கண்ணுக்கு மறைத்துவிட்டது. 1930-களில் வறுமை ஆட்டக்காரரை வடக்கே கொண்டு சென்றது போல, இன்று பணம் அவர்களை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் கொண்டு செல்கிறது. அவர்கள் சென்ற பின் அவ்விடத்தை நிரப்ப வேண்டியவர்கள் பள்ளித் திடலிலும் ஊர்த் திடலிலும் உருவாக வேண்டும். மேற்சொன்ன பொற்காலம் தலைநகரத்து அரங்கில் தோன்றியதன்று. ஊர்ப்பள்ளியில், பந்தைக் கையில் கொடுத்த ஓர் ஆசிரியரிடத்தில் தோன்றியது.

82-0 என்று தோற்ற தம் நாட்டவர் ஒரு திங்களுக்குள் நீத் நகரில் கூடியதை வேல்ஸ் மக்கள் பெருமையுடன் நினைவுகூர்வர். அவர்கள் அன்று கூடியது பாடுவதற்கன்று; கழகங்களை ஒன்றுசேர்த்து, ஆட்டங்களை ஒழுங்குபடுத்தி, அடுத்த குழுவைத் தக்கவாறு தேர்ந்தெடுப்பதற்கு. ஒன்பது ஆண்டுகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. 73-0 என்னும் தோல்வியைக் கண்ட தலைமுறைக்கும் அத்தகைய பொறுமையே வேண்டும். குழு வெல்லும் நாளுக்காகக் காத்திருப்போர் பலர். அந்நாள் வருதற்குரிய வேலையைத் தம் ஊர்த் திடலில் செய்வோர் சிலர். அச்சிலருடைய முதுகின்மீதுதான் சிறிய நாட்டின் குழு நிற்கிறது.